ஓட்டல் இருந்த இடம்

தமிழ்நாட்டின் சிறுநகரங்களில் காசு கொடுத்து ஓட்டலில் சாப்பிடும் வழக்கம் வந்து நூறு, நூற்றிருபது ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன் வெளியூர் போகிறவர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனார். மூட்டையில் இருந்த புளிச்சோறு தீர்வதற்குள் உறவுக்காரர் வீடோ சத்திரமோ வந்துவிடும். சத்திரத்துச் சோறு தர்மம். அதற்கு விலை கிடையாது. சோற்றை விற்பது தாழ்வு என்ற எண்ணம் ஊறிப்போன சமூகத்தில், சாப்பாட்டுக் கடை ஒரு மரியாதையான தொழிலாக நிலைபெற நெடுங்காலம் பிடித்தது. அப்படி வேரூன்றிய தொழிலில் ஒரு வகை இப்போது கண்ணெதிரே மறைந்து வருகிறது. ஒரே குடும்பம், ஒரே கட்டடத்தில், இரண்டு மூன்று தலைமுறையாக நடத்திய ஊர் ஓட்டல் அது. ஷட்டர் இறங்கிய சில மாதங்களில் அதே இடத்தில் பல ஊர்களில் கிளைகள் கொண்ட மருந்துக் கடையோ, சூப்பர் மார்க்கெட்டோ, கைபேசிக் கடையோ திறக்கிறது. ஆரணி போன்ற ஒரு நெசவூரின் கண் கொண்டு பார்த்தால் இந்த மாற்றத்தின் காரணங்கள் துலக்கமாகத் தெரியும். அங்கே ஓட்டலின் கல்லாவும் தறியின் கூலியும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடந்தவை.

ஆரணி, கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஊர். 17ஆம் நூற்றாண்டில் மராட்டியரிடமிருந்து ஜாகீராகப் பெற்ற ஒரு தேசஸ்த பிராமணக் குடும்பத்தின் ஆளுகையில் நீண்ட காலம் இருந்தது. பக்கத்தில் சத்திய விஜய நகரத்தில் அந்த ஜாகீர்தார்களின் அரண்மனை இன்றும் நிற்கிறது. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவின் படையும், 1782 ஜூனில் அயர் கூட், ஹைதர் அலி ஆகியோரின் படைகளும் இங்கே மோதின. படைகள் வந்தன, போயின. தறிகள் மட்டும் போகவில்லை. செங்குந்தர்களும் சௌராஷ்டிரர்களும் பட்டு நெய்தார்கள். ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்துத் தொடர்பால் முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன. பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கும் தமிழ்ச் சமணர்கள் சுற்று வட்டாரம் முழுவதும் வாழ்ந்தார்கள். தமிழ், தெலுங்கு, மராட்டி, சௌராஷ்டிரம், உருது என்று ஐந்து மொழி புழங்கும் ஊரில் அடுப்பும் ஐந்து வகையாகத்தான் இருந்தது. யார் வீட்டில் யார் கை நனைக்கலாம் என்பதற்கு எழுதாத சட்டங்கள் இருந்தன. பொதுவான ஒரு கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவது என்பது அந்தச் சட்டங்களை மீறாமல் நடக்கக்கூடிய காரியமல்ல. ஊர் ஓட்டலின் வரலாறு தொடங்குவதே அந்த மீறலில்தான்.

மீறலுக்கு வழி திறந்துவிட்டது காப்பி. 19ஆம் நூற்றாண்டின் கடைசிவரை தமிழ் வீடுகளில் காலை ஆகாரம் பழைய சோறும் நீராகாரமும்தான். காப்பி வந்த வேகத்தில் அதைத் தீய பழக்கம் என்று கண்டித்தவர்களும், மறைவாகக் குடித்தவர்களும், பிறகு அது இல்லாமல் பொழுது விடியாது என்று ஆனவர்களும் பெரும்பாலும் ஒரே மனிதர்கள்தாம். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலின் தலைப்பே அந்தத் திருப்பத்தைச் சொல்லிவிடுகிறது. காப்பியை விற்ற இடத்துக்கு ‘காப்பி கிளப்’ என்று பெயர். சோறு விற்பதில் இருந்த கூச்சம் காப்பி விற்பதில் இல்லை. அது புதுச் சரக்கு, சாஸ்திரத்தில் அதற்கு விதி கிடையாது. காப்பிக்குத் துணையாக இட்லி வந்தது, பிறகு தோசை, பிறகு மத்தியானச் சாப்பாடு. கிளப் என்பது ஓட்டலாக வளர்ந்தது இப்படித்தான்.

ஆனால் சாதி வாசலில் நின்றுவிடவில்லை. உள்ளேயும் வந்து உட்கார்ந்தது. பிராமணர்க்கு உள்கூடம், மற்றவர்க்கு வெளிக்கூடம், தாழ்த்தப்பட்டவர்க்கு இடமே இல்லை என்பது பல ஊர்களில் நடைமுறை. ரயில் நிலைய உணவகங்களில்கூடத் தனிப் பந்தி இருந்தது. பெரியாரின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பிறகு 1941இல் தென்னிந்திய ரயில் நிலையங்களில் அது எடுக்கப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, உணவகங்களில் நுழைவதை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் மறுப்பைத் தண்டனைக்குரியதாக்கியது. அதன் பிறகும் பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல் தொங்கியது. அதை நீக்கக் கோரி 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் நாள்தோறும் மறியல் நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் சிறை போனார்கள். கடைசியில் பலகை மாறியது. ஊர் ஓட்டலின் மறைவுக்கு வருந்துகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் மறக்காமல் இருப்பது நல்லது. எல்லோருக்கும் பொதுவான கூடம் தானாக வந்ததல்ல; போராடிப் பெற்றது. அதனால்தான் அது மூடப்படும்போது இழப்பு பெரிது.

உடுப்பியிலிருந்து வந்தவர்கள் இந்தத் தொழிலுக்கு ஒழுங்கு கொடுத்தார்கள். அவர்களில் பெரும்புகழ் பெற்ற கே. கிருஷ்ணராவ் சமையலறை வேலையிலிருந்து தொடங்கியவர். 1938இல் சென்னை ராயப்பேட்டையில் வாடகை மாளிகை ஒன்றில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். 1952இல் நியூ உட்லண்ட்ஸ், 1962இல் கார்களுக்கான டிரைவ்-இன் என்று அது விரிந்தது. அவருடைய முறை எளிமையானது. விலை எழுதிய பலகை, கழுவிய மேசை, நேரத்துக்கு நேரம் மாறாத சுவை. அந்த முறை மாவட்டத் தலைநகரங்களுக்கும், அங்கிருந்து தாலுக்கா ஊர்களுக்கும் பரவியது. ‘விலாஸ்’, ‘பவன்’, ‘கபே’ என்று முடியும் பெயர்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. உடுப்பிக்காரர்களிடம் மேசை துடைத்துப் பழகிய உள்ளூர்ப் பையன்கள் பத்துப் பதினைந்து ஆண்டில் தனிக் கடை போட்டார்கள். ஊர் ஓட்டல் என்று பின்னாளில் எல்லோரும் உரிமையோடு சொன்னவை பெரும்பாலும் அந்தப் பையன்களின் கடைகள்தாம்.

ஆரணிக்கு ரயில் நேராக வரவில்லை. விழுப்புரம்–காட்பாடி பாதையில் ‘ஆரணி ரோடு’ என்று பெயர் பெற்ற நிலையம் களம்பூரில் இருக்கிறது. அங்கே இறங்கி வண்டி பிடித்து வரவேண்டும். பட்டு வாங்க வந்த வியாபாரியும் நெல் விற்க வந்த விவசாயியும் ஊருக்குள் வந்து சேர்ந்ததும் முதலில் தேடியது தண்ணீரும் காப்பியும்தான். நெசவுக்கு இணையாக அரிசி ஆலைகளும் பெருகிய ஊர் இது. களம்பூர், ஆரணி அரிசி என்றால் சென்னை மண்டிகளில் தனி மதிப்பு. இந்த இரண்டு தொழிலும் கொண்டுவந்து சேர்த்த வெளியூர்க்காரர்களை நம்பி ஓட்டல்கள் பிறந்தன. ஆனால் அவை நிலைத்தது உள்ளூர் நெசவாளியால்.

நெசவாளியின் நாள் விடியற்காலையில் தொடங்கும். வெயில் ஏறுவதற்கு முன் தெருவில் பாவு நீட்டியாக வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழைகளை இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, பிரித்துச் சரிசெய்து சுருட்டுவது ஒருவர் வேலையல்ல. வீட்டு மனிதர்களும் அக்கம்பக்கத்தாரும் கூடிச் செய்வது. வேலை முடிந்து வியர்வையோடு நிற்பவர்களுக்குத் தூக்குவாளியில் காப்பி வரும், மந்தாரை இலையில் இட்லி வரும். கெட்டிச் சட்னி தனியாக, சாம்பார் தூக்கில். வீட்டுப் பெண்களும் பாவில் நின்றதால் அந்த நேரம் வீட்டு அடுப்பு எரியாது. ஓட்டல் அடுப்புதான் தெருவுக்கே அடுப்பு. காலை டிபன் விற்பனை நெசவுத் தெருக்களை ஒட்டிய ஓட்டல்களில் மற்ற ஊர்களைவிட முன்னதாகத் தொடங்கி முன்னதாக முடிந்ததற்குக் காரணம் இதுதான்.

பிறகு பகல் முழுதும் குழித்தறியில் உட்கார்ந்து கால் மிதிக்க வேண்டும். இடுப்பு விட்டுப்போகும் வேலை. பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து போய் ஒரு டீ குடிப்பது நாக்குக்காக மட்டுமல்ல. முதுகை நிமிர்த்தவும் நாலு பேரைப் பார்க்கவும். எந்த முதலாளி கூலி ஏற்றினார், எந்தப் புட்டா இப்போது போகிறது, எங்கே தறி காலியாக இருக்கிறது, பட்டு நூல் விலை பெங்களூர்ப் பக்கம் எப்படி என்பதெல்லாம் ஓட்டல் பெஞ்சில்தான் தெரிந்தது. நாளிதழ் ஒன்றே, அதைத் தாள் தாளாகப் பிரித்து ஐந்து பேர் படிப்பார்கள். தொழிற்சங்கக் கூட்டத்துக்கு ஆள் சேர்ந்ததும், கூட்டுறவுச் சங்கத் தேர்தலுக்குப் பேச்சு நடந்ததும், கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் இடம் தெரிந்ததும் அங்கேதான்.

ஓட்டலையும் தறியையும் கட்டிய கயிறு பற்று நோட்டு. ஒரு பட்டுச் சேலை நெய்து முடிக்க வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு வாரமோ இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ ஆகும். அறுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால்தான் கூலி. அதுவரை கையில் காசு இருக்காது. ஆகவே ஓட்டல்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் நீளவாட்டு நோட்டு ஒன்று வைத்திருப்பார். பக்கத்துக்கு ஒரு பெயர். பெயர் என்றால் முழுப் பெயரல்ல; தெருவும் அப்பா பெயரின் முதல் எழுத்தும், சில நேரம் பட்டப் பெயரும். அதன் கீழே தேதி, இட்லி இத்தனை, காப்பி இத்தனை, பார்சல் இத்தனை. கூலி வந்த நாளில் ஒரு குறுக்குக் கோடு. கோடு விழாத பக்கங்கள் மழைக்காலத்தில் கூடும். ஐப்பசி, கார்த்திகையில் குழியில் நீர் ஊறும், தெருவில் பாவு நீட்ட முடியாது, தறி நின்றுவிடும்; ஆனால் வயிறு நிற்காது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, சேலைக்கு ஓட்டம் இருக்காது, அப்போதும் பற்று ஏறும். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் பிறந்ததும் கோடுகள் விழும். ஓர் ஊர் ஓட்டலின் பற்று நோட்டைப் புரட்டினால் அந்த ஊரின் நெசவு எந்த மாதம் ஓடியது, எந்த மாதம் படுத்தது என்று சொல்லிவிடலாம்.

வட்டி கிடையாது, ஈடு கிடையாது, கையெழுத்துக்கூடக் கிடையாது. பாக்கி வைத்தவர் வேறு ஓட்டலுக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற ஒன்றுதான் பாதுகாப்பு. இந்தக் கடன் ஓட்டல்காரரின் தரும குணம் என்று சொல்வது பாதி உண்மை. மழைக்காலத்தில் கடன் கொடுக்காத ஓட்டலுக்கு முகூர்த்த மாதத்தில் ஆள் வரமாட்டார்கள் என்பது மீதி உண்மை. இரண்டும் சேர்ந்துதான் அந்தத் தொழில்.

இதற்கு இணையாக இன்னோர் அடுப்பும் எரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ஆர்க்காடு, ஆரணி வட்டாரத்தின் பிரியாணி, சீரகச் சம்பா அரிசியும் காய்ந்த மிளகாய் அரைத்த விழுதும் கொண்டு, விறகடுப்பில் தம் போட்டு இறக்குவது. கூடவே கத்தரிக்காய்த் தொக்கும் தயிர் வெங்காயமும். முதலில் முஸ்லிம் வீடுகளின் கல்யாணச் சமையலாக இருந்து, பிறகு அண்டாவோடு தெருவுக்கு வந்தது. சைவ ஓட்டல் சர்வர், சரக்கு மாஸ்டர், தோசை மாஸ்டர் என்று ஆள் படை வைத்து நாள் முழுதும் நடத்த வேண்டியது. பிரியாணிக் கடைக்கு ஓர் அண்டாவும் ஒரு மாஸ்டரும் போதும். இரண்டு மணிக்குள் அண்டா காலி. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாயிற்று. சைவ ஓட்டல்கள் மூடப்பட்ட காலத்தில் பிரியாணிக் கடைகள் பெருகியதற்கு நாக்கு மாறியது மட்டும் காரணமல்ல. சிறிய இடமும் குறைந்த ஆளும் போதுமானதாக இருந்ததும் காரணம்.

ஊர் ஓட்டல் இத்தனை ஆண்டு தாங்கியதன் அடித்தளம் சமையலறையில் இல்லை. அது வாடகைச் சட்டத்தில் இருந்தது. பெரும்பாலான ஓட்டல்காரர்கள் கட்டடத்துக்குச் சொந்தக்காரர்கள் அல்லர். கடைத்தெருவில் பழைய ஓட்டு வீட்டையோ மாடி வீட்டின் கீழ்ப் பகுதியையோ வாடகைக்கு எடுத்தவர்கள். 1960ஆம் ஆண்டின் கட்டட (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் அவர்களுக்குக் கவசமாக இருந்தது. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைப்பது, உள்வாடகைக்கு விடுவது, உரிமையாளரே குடியேற வேண்டியிருப்பது, இடித்துக் கட்ட வேண்டியிருப்பது போன்ற குறிப்பிட்ட காரணங்கள் இல்லாமல் வாடகைதாரரை வெளியேற்ற முடியாது. வாடகை எவ்வளவு என்பதில் தகராறு வந்தால் நியாய வாடகையை அதிகாரி முடிவு செய்வார். வழக்கு நடந்தால் பத்து ஆண்டு, இருபது ஆண்டு இழுக்கும். ஆகவே தாத்தா காலத்து வாடகையில் சிறிது ஏற்றி அப்பாவும், அதில் சிறிது ஏற்றி மகனும் கொடுத்துவந்தார்கள். இட்லி விலை மலிவாக இருந்ததற்கு உளுந்து விலை மட்டும் காரணமல்ல; சுவருக்கு உள்ளே இருந்த வாடகையும் மலிவு. உரிமையாளருக்கு இது கசப்புத்தான். கரி படிந்த சுவர், அடைக்கும் சாக்கடை, கடைத்தெரு விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை என்றால் எந்த உரிமையாளருக்கும் கசக்கும். அந்தக் கசப்பில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

கட்டடம் யாருடையது என்பதே ஓட்டலின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பதற்குச் சென்னை மவுண்ட் ரோடே சாட்சி. அங்கே 1906இல் கியாகோமோ டி’ஏஞ்செலிஸ் திறந்த ஓட்டல் நகரத்தின் புகழ்பெற்ற விடுதிகளில் ஒன்று. கைமாறிப் பொசோட்டோ ஓட்டலானது. கடைசியில் அந்தக் கட்டடத்தை மக்கள் அறிந்தது பாட்டா காலணிக் கடையாகத்தான். ஓட்டல் போய்த் தொடர் கடை வருவது இந்த நூற்றாண்டின் புதுமை அல்ல என்பதை அந்த வளைவுகள் கொண்ட பழைய கட்டடம் காட்டுகிறது. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் கதை வேறு. காரிலேயே தட்டை மாட்டிக் கொடுத்த அந்த ஓட்டல் இருந்த தோட்டத்து நிலம் அரசுடையது. குத்தகை வழக்குக்குப் பிறகு 2008இல் ஓட்டல் மூடப்பட்டது. 2010 நவம்பரில் அங்கே செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. கூட்டம் குறைந்ததால் அது மூடப்படவில்லை. கடைசி நாள்வரை தோசைக்கு ஆள் காத்திருந்த இடம் அது. சுவை குன்றாமலே ஓர் ஓட்டல் சாகலாம்.

சிறுநகர ஓட்டல்களுக்கு நெருக்கடி பல பக்கத்திலிருந்தும் வந்தது. முதலாவது வீட்டுக்குள்ளிருந்து வந்தது. கோயம்புத்தூரில் உருவான மின் ஆட்டுக்கல் 1970, 80களில் வீடுகளுக்குள் நுழைந்ததும் இட்லி அன்றாட உணவாயிற்று. அதுவரை தீபாவளிக்கும் விருந்தாளிக்கும் மட்டும் வீட்டில் அரைத்த மாவு, பிறகு பாக்கெட்டிலேயே கடைக்கு வந்துவிட்டது. இரண்டாவது, ஆள் பஞ்சம். மேசை துடைக்க வந்த பையன் இப்போது பள்ளியில் இருக்கிறான். இருக்க வேண்டியதும் அங்கேதான். பெரிய மாஸ்டர்களைச் சென்னையும் வளைகுடாவும் இழுத்துக்கொண்டன. மூன்றாவது, வாரிசு. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இரவு பதினொன்றுக்குக் கல்லா எண்ணும் வாழ்க்கையைப் பொறியியல் படித்த மகனிடம் எந்தத் தகப்பனாராலும் வற்புறுத்த முடியவில்லை. பல ஓட்டல்கள் நஷ்டத்தில் மூடப்படவில்லை; அப்பாவுக்கு வயதாகிவிட்டதால் மூடப்பட்டன.

நான்காவது, பெஞ்சில் உட்கார்ந்தவர்களே குறைந்தார்கள். இந்தியாவில் கைத்தறித் தொழிலாளர்கள் 2009–10 கணக்கெடுப்பில் 43.31 லட்சம், 2019–20 கணக்கெடுப்பில் 35.22 லட்சம். பத்தாண்டில் எட்டு லட்சம் பேர். விசைத்தறிக்கும், தொழிற்பேட்டைகளுக்கும், பெருநகரங்களின் காவலாளி வேலைக்கும் போனவர்கள் பதினோரு மணி டீக்கு ஆரணித் தெருவுக்கு வரமாட்டார்கள். மிச்சமிருக்கும் நெசவாளியும் கூலியை வங்கிக் கணக்கில் வாங்குகிறார். பற்று நோட்டின் தேவை பாதி போய்விட்டது.

இவற்றையெல்லாம் ஓட்டல்கள் எப்படியோ சமாளித்தன. சமாளிக்க முடியாதது சட்டமும் வரியும் ஒருசேரத் திரும்பியதுதான். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் பழைய 1960 சட்டத்தை நீக்கியது. எல்லா வாடகையும் எழுத்து ஒப்பந்தப்படி. தொகையை இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்தால் கவசமும் முடிந்தது. நியாய வாடகை என்ற சொல்லே சட்டத்திலிருந்து போய்விட்டது. 2017 ஜூலையில் வந்த சரக்கு, சேவை வரி ஓட்டல்களுக்கு முதலில் 12, குளிரூட்டப்பட்டவற்றுக்கு 18 விழுக்காடு என்று இருந்து, அதே ஆண்டு நவம்பரில் 5 விழுக்காடாகக் குறைந்தது. குறைந்தது வாடிக்கையாளருக்கு, ஓட்டல்காரருக்கு அதில் ஒரு பூட்டு இருந்தது. வாடகைக்கும் இயந்திரத்துக்கும் அவர் கட்டிய வரியைத் தாம் வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்ள இந்த விகிதத்தில் இடமில்லை. அதே கட்டடத்தை வாடகைக்கு எடுக்கும் தொடர் கடை அந்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். ஒரே வாடகை, இருவருக்கும் இரு வேறு கனம். 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது பார்சல் கட்ட மறுபடியும் இலையைத் தேடினார்கள், அது நல்லதற்குத்தான். ஆனால் 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்ததும் கூடமே இல்லாமல் பார்சல் மட்டும் விற்கலாம் என்ற நிலை. பெஞ்சை நம்பிய ஓட்டலுக்குப் பெஞ்சே போய்விட்டது. அப்போது இறங்கிய பல ஷட்டர்கள் பிறகு ஓட்டலாக ஏறவில்லை.

ஏறியவை தொடர் கடைகளாக ஏறின. அந்த நிறுவனங்களுக்குத் தேவை தெரு முகப்பு. அடுப்பும் தண்ணீரும் புகைபோக்கியும் வேண்டாம். கட்டடக்காரருக்குக் கரி கிடையாது, சாக்கடை அடைக்காது, மாதம் முதல் தேதி பணம் கணக்குக்கு வந்துவிடும், ஒன்பது ஆண்டு ஒப்பந்தம் என்றால் ஒன்பது ஆண்டும் நிம்மதி. இந்த நிலையில் கட்டடக்காரரைக் குறை சொல்வது எளிது. அவர் இடத்தில் இருந்தால் பெரும்பாலோர் அதையே செய்வார்கள்.

தொடர் கடையை எதிரியாகப் பார்ப்பதும் முழு உண்மையாகாது. இன்றைய பெரிய துணிக்கடைத் தொடர்களில் சிலவற்றின் வேர் நெசவிலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த நல்லி சின்னசாமி செட்டியார் 1928இல் தியாகராய நகரில் கடை போட்டார்; போத்தீஸ் 1923இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கியது. ஆரணிச் சேலை ஊர் ஊராகப் போய்ச் சேர்வதே இப்படிப்பட்ட கடைகளால்தான். ஓட்டல் தொடர்களும் அப்படியே: சரவண பவன் 1981இல் சென்னை கே. கே. நகரில் ஒற்றைக் கடையாகப் பிறந்தது. ஊர் ஓட்டல் பெண்களுக்கு எளிதான இடமாகவும் இருந்ததில்லை. திரை போட்ட ‘பேமிலி ரூம்’ ஒன்றில் அவர்கள் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். தனியாக வந்த பெண்ணைக் கூடமே திரும்பிப் பார்த்தது. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை பல கிராமங்களில் சட்டத்துக்குப் பிறகும் நீடித்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், விலை ஒட்டிய பொருளை எடுத்து, யாரிடமும் சாதி சொல்லாமல் காசு கொடுத்து வெளியே வருவதில் ஒரு விடுதலை இருக்கிறது. அதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் உட்கார இடம் கிடையாது. இதுவே இந்த மாற்றத்தின் மையம். மருந்துக் கடையில் மருந்து வாங்கலாம். மழை நிற்கும்வரை இருக்க முடியாது. சூப்பர் மார்க்கெட்டில் கடன் சொல்ல முடியாது. அங்கே இருக்கும் பையனுக்கு அந்த அதிகாரம் இல்லை, வாங்குபவரின் தெருவும் அப்பா பெயரும் அவனுக்குத் தெரியாது. ஊரில் வாங்க இடங்கள் கூடின. இருக்க இடங்கள் குறைந்தன. கூலிப் பேச்சு கைபேசிக் குழுக்களுக்குப் போய்விட்டது. அங்கே ஒரே தொழிலின் ஒரே வகை ஆட்கள் மட்டுமே இருப்பார்கள். நெசவாளியும் அரிசி மண்டிக்காரரும் பள்ளி ஆசிரியரும் பேருந்து நடத்துநரும் ஒரே பெஞ்சில் ஒரே நாளிதழைப் பகிர்ந்துகொள்வது இனி எங்கே என்ற கேள்விக்குக் கடைத்தெரு இன்னும் பதில் வைத்திருக்கவில்லை.

மூடப்படும் ஓட்டலைக் காப்பாற்றிய முன்மாதிரி இல்லாமலில்லை. காப்பி வாரியம் நடத்திவந்த இந்தியா காபி ஹவுஸ் கிளைகளை மூட 1950களில் முடிவானபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் வழிகாட்டுதலில் ஊழியர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து அவற்றைத் தாங்களே எடுத்து நடத்தினார்கள். முதல் சங்கம் 1957இல் பெங்களூரில் அமைந்தது. அறுபது ஆண்டுக்கு மேலாகியும் கேரளத்திலும் வேறு பல மாநிலங்களிலும் அவை நடக்கின்றன. நெசவூர்களுக்குக் கூட்டுறவு புதிதல்ல. கோ-ஆப்டெக்ஸ் 1935இலேயே தொடங்கியது, பட்டு நெசவாளர் சங்கங்கள் ஊர்தோறும் உள்ளன, அவற்றுக்குச் சொந்தக் கட்டடங்களும் உள்ளன. சங்கக் கட்டடத்தின் முன்பகுதியில் உறுப்பினர்களே நடத்தும் ஓர் உணவகத்துக்குச் சந்தை வாடகை என்ற பயம் இருக்காது. வாடகைதான் ஓட்டலைக் கொன்றது என்றால் வாடகை இல்லாத இடத்தில்தான் அது மறுபடி பிழைக்கும்.

ஓட்டல் மூடும்போது சாமான்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போகும். அண்டாவும் இட்லிக் கொப்பரையும் எடைக்குப் பாத்திரக் கடைக்குப் போகும். பளிங்குப் பலகை போட்ட மேசைகளை வாங்கப் பழைய மரச்சாமான் வியாபாரி வருவார். அவை சென்னையில் புதிதாகத் திறக்கும், பழைய பாணி அலங்காரம் செய்த காப்பிக் கடைகளில் மறுபிறவி எடுக்கும். ஆட்டுக்கல் தூக்க முடியாமல் கொல்லையிலேயே கிடக்கும். பெயர்ப்பலகையை மகன் வீட்டுக்கு எடுத்துப் போவார். பற்று நோட்டுகள் மட்டும் யாருக்கும் வேண்டாதவையாகப் பழைய தாளோடு கட்டப்படும். ஒரு நெசவூரின் முப்பது, நாற்பது ஆண்டுப் பொருளாதாரம், எந்த மழையில் தறி நின்றது, எந்தத் தையில் கூலி வந்தது, இட்லி எப்போது ஐந்து காசிலிருந்து பத்துக் காசானது என்பதெல்லாம், அந்த நீளவாட்டுப் பக்கங்களில் பென்சிலில் இருக்கிறது. அரசு அறிக்கைகளில் அது இல்லை. அப்படிப்பட்ட நோட்டுகள் வீட்டில் வைத்திருக்கும் ஓட்டல் குடும்பங்கள் அவற்றை எடைக்குப் போட வேண்டாம்; பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறையிடமோ, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகத்திடமோ ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுக்கட்டும்.